குஷன் கடை வாசலில் ஒரு யானை

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்களுக்கு ஒரே மகள், மூன்று வயது இன்னும் நிறையவில்லை. நான் சொல்லப்போவது ஓர் ஆடி மாதத்துப் பகலில், பூந்தமல்லிக்குச் சற்று முன்னால் சாலையோரம் இருந்த ஒரு குஷன் கடை வாசலில் நடந்தது.

கார் வந்த கதையிலிருந்து சொன்னால்தான் புரியும். என் நாத்தனாருக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தங்கையை வாடகைக் காரில் அனுப்ப மாட்டேன், சொந்தக் காரில்தான் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவேன் என்று என் கணவர் ஒற்றைக் காலில் நின்றார். அப்பா இல்லாத பெண், அவர் தூக்கி வளர்த்த தங்கை. நானும் தடுக்கவில்லை. புதுக் கார் வாங்க எங்களுக்கு ஏது வசதி? பூந்தமல்லியில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒருவர் தன்னுடைய பழைய அம்பாசிடரைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வாங்கி வந்துவிட்டார் இவர்.

என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. உள்ளேதான் பார்க்கச் சகிக்காது. சீட்டின் ரெக்சின் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அசந்து உட்கார்ந்தால் ஸ்பிரிங் குத்தும். உள்கூரையில் ஒட்டியிருந்த துணி பசை விட்டுப் போய், சரிந்த பந்தல் மாதிரி பின்னால் உட்காருபவர் தலையில் கவிழும். கதவுகளின் உள்பக்க அட்டை மழையில் ஊறி அப்பளம்போல உப்பியிருந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எறும்பைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. மருந்து அடித்தோம், மஞ்சள் தூள் தூவினோம், வெயிலில் நாளெல்லாம் திறந்து வைத்தோம். ஏறி உட்கார்ந்து ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் முதுகில் சுருக்கென்று கடிக்கும்.

"அண்ணி, வெள்ளப் பொடவ கட்டிகினு இதுல ஏறினா, ஃபாதர் முன்னாடி சொறிஞ்சிகினுதான் நிப்பேன்" என்றாள் நாத்தனார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இவருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளே காரைக் கொண்டுபோய்க் குஷன் கடையில் விட்டார்.

கடை என்றால் முன்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு, உள்ளே ஒரு தையல் மிஷின், சுவரெல்லாம் ரெக்சின் சுருள்கள், அவ்வளவுதான். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வாய் ஓயாமல் பேசுவார். வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாலை வரைக்கும் நிழல் விரித்து நின்றது. அதன் அடியில்தான் வண்டிகளை நிறுத்தி வேலை பார்ப்பார். எதிரே ஒரு டீக்கடை, பக்கத்தில் ஒரு அடிபம்பு.

முதலில் முன் சீட்டை முடித்துவிட்டார். மெரூன் நிறத்தில் புது ரெக்சின் போட்டு, பளபளவென்று மாட்டியிருந்தார். கூரைத் துணியையும் கதவு அட்டைகளையும் பிய்த்து எடுத்துவிட்டதால் மற்றபடி கார் வெறும் தகரமாக நின்றது. அன்று எனக்கு லீவு. மிச்சமிருந்த வேலைக்கு நிறம் பார்த்துச் சொல்வதற்காக இவருடன் மகளையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கூரைத் துணி போதவில்லை என்று கடைக்காரர் சொல்ல, அதே நிறத்தில் வாங்கி வருவதற்காக இவர் பஸ் பிடித்து, கார் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போய்விட்டார்.

பின் சீட்டின் அடிப்பாகத்தைக் கழற்றிக் கீழே போட்ட கடைக்காரர், சாய்மானத்தின் தையலைக் கத்தரியால் கிழித்தார். கிழித்ததும் குப்பென்று ஒரு வாசனை. பொங்கல் பானைக்குள் தலையை விட்டதுபோல இருந்தது.

"இன்னாக்கா இது. உள்ள வைக்கோல் கீது" என்றார். "பால்காரன் செத்த கன்னுக்குட்டிய வைக்கோல் தெணிச்சு நிக்க வெப்பான் பாரு, அந்த மாரி தெணிச்சி வெச்சிகீறாங்க."

எட்டிப் பார்த்தேன். தேங்காய் நார் நசுங்கிப்போனதும், மண்டியில் வெல்லம் பொதிந்து வரும் வைக்கோலையே அள்ளித் திணித்துத் தைத்துவிட்டிருக்கிறார்கள். வைக்கோலோடு வெல்லத் தூளும் கட்டியுமாகப் போயிருக்கிறது. வெயிலில் இளகி, இறுகி, மறுபடி இளகி, வைக்கோலெல்லாம் கருப்பாகப் பிசுபிசுத்துக் கிடந்தது. எறும்பின் ரகசியம் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம்.

மகள் தூக்கத்துக்குச் சிணுங்க ஆரம்பித்தாள். கடைக்குள் பசை நாற்றம் தாங்கவில்லை. "முன் சீட்டுல படுக்க வையுக்கா, நல்லா காத்து வருது" என்றார் கடைக்காரர். அந்தச் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். புது ரெக்சின் மேல் என் துண்டை விரித்து அவளைக் கிடத்தினேன். நான்கு கதவுகளும் திறந்திருந்தன. மர நிழலும் காற்றுமாகக் கண்ணை மூடிய மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். வைக்கோலை அள்ளக் கோணி எடுக்கக் கடைக்காரர் உள்ளே போனார். சீட்டின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பீடிங்கில் எந்த நிறம் எடுபடும் என்று பார்க்க நானும் உள்ளே போனேன். கார் நின்ற இடம் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

பீடிங் சுருள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சங்கிலிச் சத்தம் கேட்டது. காதில் விழுந்ததே தவிர மனத்தில் பதியவில்லை. ஆடி மாதத்தில் கோயில் கோயிலாக யானையை நடத்திக்கொண்டு போவது அந்தப் பக்கம் வழக்கம்தான். வாழைப்பழம் கொடுப்பார்கள், குழந்தைகளுக்கு ஆசி வாங்குவார்கள். பிறகு வாசலில் வெளிச்சம் குறைந்தது. திரும்பினேன்.

மர நிழலில், எங்கள் காரை ஒட்டி, யானை நின்றுகொண்டிருந்தது. பெண் யானை. நெற்றியில் யாரோ பூசிய மஞ்சள் காய்ந்திருந்தது. பின் கதவுப் பக்கம் கழற்றிய சீட்டும் ஸ்பிரிங்குகளும் குவிந்து கிடந்ததால் அது முன் கதவுக்கு வந்துவிட்டது. தலையைத் தாழ்த்தி, தும்பிக்கையைக் காருக்குள் விட்டிருந்தது.

எனக்குக் கால் ஓடவில்லை. குரலும் வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் சாலைக்கு அந்தப் பக்கம் அடிபம்பில் வாளிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பாகன் அதே நேரத்தில் பார்த்துவிட்டார். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, உள்ளங்கையைக் காட்டி, அசையாதே என்பதுபோலச் சைகை செய்துகொண்டே சாலையைக் கடந்து வந்தார். ஓடவில்லை. ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார்.

"கத்தாதீங்கம்மா" என்றார், உதடு மட்டும் அசைகிற மாதிரி. "கத்துனா மெரளும். மெரண்டுச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல."

கடைக்காரர் கோணியுடன் என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவ்வளவு பேசுகிறவர் மூச்சுகூட விடவில்லை.

இருந்த இடத்திலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. முன் கண்ணாடி வழியாகவும், திறந்த கதவுக்கும் யானையின் காலுக்கும் நடுவே இருந்த சந்து வழியாகவும் பார்த்தேன். வெல்ல வாசனை வருவது பின்னாலிருந்து. தும்பிக்கைக்கும் அந்த வாசனைக்கும் நடுவில் என் மகள் படுத்திருந்தாள். தும்பிக்கையின் நுனி முதலில் சீட்டைத் தொட்டது. பிறகு துண்டை. பிறகு அவள் பாதத்தை. அங்கே நின்றது. அப்படியே மெல்ல மேலே வந்தது. முழங்கால், வயிறு, மார்பு. தொடுகிறதா, காற்றில் தடவுகிறதா என்று சொல்ல முடியாத அளவுக்கு லேசாக. அவள் முகத்துக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது. அதன் மூச்சில் அவள் நெற்றி முடி எழும்புவதும் அடங்குவதுமாக இருந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் நினைவுக்கு வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அது என்ன முடிவுக்கு வந்ததோ தெரியாது. தும்பிக்கையைத் தூக்கி, அவளுக்கு மேலே பாலம்போல வளைத்து, சீட்டின் முதுகுக்கு அப்பால் நீட்டியது. வைக்கோல் பிரியும் சத்தம் கேட்டது. ஒரு பிடி உருவிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய் வாயில் வைத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது. மறுபடி ஒரு பிடி. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு கனத்த தும்பிக்கை என் மகள் மேல் படாமல் போய்த் திரும்பியது. நடுவில் சில வைக்கோல் தாள்கள் உதிர்ந்து அவள் சட்டை மேல் விழுந்தன. அவற்றை அது விட்டுவிடவில்லை. பூக் கிள்ளுகிறவர்கள் எடுப்பதுபோல ஒவ்வொரு தாளாக அவள் மார்பிலிருந்து எடுத்தது.

சாலையில் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. ஆவடிப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்றின் டிரைவர், பார்த்ததும் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டார். ஜன்னலெல்லாம் தலைகள். டீக்கடையில் ஸ்டவ் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சாலையில் பகல் வேளையில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

பாகன் யானையின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கழுத்தில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். சரி, இனி பயமில்லை என்று நான் நினைத்த அந்தச் சமயத்தில்தான் என் மகள் கண்ணைத் திறந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. மேலே போய்வந்துகொண்டிருந்த தும்பிக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது தாழ்ந்து வந்தபோது, இரண்டு கையாலும் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

யானை நின்றுவிட்டது. அதுவரை ஆடிக்கொண்டிருந்த காதுகள் நின்றன. வாலும் நின்றது. வாய்க்குக் கொண்டுபோக வேண்டிய வைக்கோல் பிடி அப்படியே அவள் வயிற்றின் மேல் விழுந்தது. பாகன் அதற்குப் பழகிய ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார். அது காலை மாற்றிப் போட்டது, ஆனால் தும்பிக்கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அசையவில்லை.

பாகன் என் பக்கம் திரும்பினார். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அது இழுக்க மாட்டேங்குதும்மா. புள்ள கைய விட்டாத்தான் எடுக்கும் போலருக்கு. நீங்க அந்தப் பக்கமா உள்ள போயி வெரல எடுத்துவுடுங்க."

"நீங்களே..." என்றேன்.

"நா இங்க புடிச்சிகினு நிக்கணும். என்னைப் பார்த்தா புள்ள அழும். அழுதா இது பயந்துக்கும். நீங்கதாம்மா போவணும். மெதுவா போங்க."

எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காரைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கக் கதவு வழியாக உள்ளே ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைந்து, அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. எதிர்க் கதவு முழுக்க யானை. வேறு எதுவும் தெரியவில்லை. சாம்பல் நிறத் தோல், அதில் நதிகள்போல ஓடும் மடிப்புகள், முள்முள்ளாகச் சில முடிகள். அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்துகொண்டிருந்தது. அது காதில் கேட்பதைவிடக் காரின் தகரம் வழியாக என் உள்ளங்காலில் ஏறியதுதான் அதிகம். புல்லும் மண்ணும் வெல்லமும் கலந்த ஒரு வாசனை. நான் சாவதாக இருந்தால் இப்படித்தான் போலும் என்று ஒரு நொடி தோன்றியது. வியப்பு என்னவென்றால், அப்படித் தோன்றியபோது பயம் அடங்கிவிட்டது.

"அம்மா, யானை சூடா இருக்கு" என்றாள் என் மகள், ரகசியம்போல.

"ஆமாண்டா. டாட்டா சொல்லு. அது வீட்டுக்குப் போவணும்."

"இன்னும் கொஞ்ச நேரம்."

நான் காத்திருந்தேன். யானையும் காத்திருந்தது. பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவள் கையைப் பிரிக்கும்போது என் கையும் அந்த நுனியில் பட்டது. ஈரமாக, மிருதுவாக, உயிர்த் துடிப்போடு இருந்தது. கடைசி விரலும் விட்டபிறகு அது உடனே போய்விடவில்லை. என் உள்ளங்கையில் ஒரு தடவை நீளமாக மூச்சு விட்டது. என்னையும் யாரென்று தெரிந்துகொண்டதுபோல. அதற்குப் பிறகுதான் தும்பிக்கை மெல்ல வெளியே போனது. அதன் பாரத்தில் அழுந்தியிருந்த கார் ஒரு முனகலோடு நிமிர்ந்தது. கதவு வழியாக வெயில் உள்ளே வந்தது.

மகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து யாரோ ஒரு அம்மா இறங்கி வந்து என் தலையில் தண்ணீர் தெளித்தார். டீக்கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பாகன் யானையைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். கை கூப்பினார்.

"மன்னிச்சிக்கங்கம்மா. நெழலா கீதேன்னுதான் வுட்டுட்டுப் போனேன். தண்ணி கொண்டாந்து குடுக்கலாம்னு. அது எங்கயும் நகராது. வெல்ல வாசன இழுத்துகினு வந்துருச்சி."

"குழந்தையைப் பார்த்துப் பார்த்துத்தானே எடுத்துச்சு. ஒரு கீறல்கூட இல்லை" என்றேன்.

அவர் யானையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "அதுக்குப் பார்வ இல்லம்மா. ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்து போச்சி. வெளிச்சம், நெழல் தெரியும். அவ்ளோதான்."

எழுந்து போய்ப் பார்த்தேன். கண்ணிமைகளுக்கு நடுவே பால் ஆடைபோல வெண்மை. அது என்னைப் பார்க்கவில்லை. தும்பிக்கையை லேசாகத் தூக்கி, எங்கள் இரண்டு பேரின் வாசனையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது. பாதத்திலிருந்து முகம் வரை அது அவ்வளவு நேரம் தடவிப் பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே கிடப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. தொட்டுத் தொட்டு, மூச்சு விட்டு விட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. சின்னது, மெல்லியது, உயிருள்ளது, தூங்குகிறது என்று இருட்டிலேயே கண்டுபிடித்திருக்கிறது. கண்டுபிடித்த பிறகு அதற்கேற்ற மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

கடைக்காரருக்குப் பேச்சு திரும்பி வந்தது. மிச்சமிருந்த வைக்கோலை எல்லாம் வாரிக் கோணியில் கட்டி யானையின் முன்னால் கொண்டுபோய்க் கொட்டினார். "துண்ணு தாயி. என் வேலையில பாதிய நீயே முடிச்சிட்ட" என்றார். சொல்லிவிட்டுச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. டிரைவர் போகிற போக்கில் யானையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

என் கணவர் துணிச் சுருளுடன் வந்து இறங்கியபோது யானை போய்விட்டிருந்தது. நாங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. கடைக்காரர் அவரைக் காருக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டினார். முன் கதவின் மேல் விளிம்பு லேசாக வளைந்திருந்தது. புது ரெக்சினில் குறுக்காக ஒரு ஈரத் தடம், நத்தை போன மாதிரி மின்னியது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளை என்னிடமிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மரத்தடியில் போய் நின்றார்.

நாத்தனார் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. புதுக் கூரைத் துணியும் புதுச் சீட்டுமாக அந்தக் காரில்தான் அவளைக் கூட்டிப்போனோம். சில வருடங்களுக்குப் பிறகு காரையும் விற்றுவிட்டோம். அந்த யானையை மறுபடி நான் பார்க்கவில்லை. அடுத்த ஆடியில் சங்கிலிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன், வேறு யானைகள்தான் வந்தன. என் மகளுக்கு எதுவும் நினைவில்லை. நாங்கள் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு அது கதை.

எனக்கு அப்படி இல்லை. உலகத்தில் பெரிய பெரிய விஷயங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், கடல், மலை, கூட்டம் கூட்டமாக மனிதர்கள். எதுவும் அந்தப் பகலுக்கு ஈடாகவில்லை. ஒரு காரையே புரட்டிப்போடும் பலம் கொண்ட ஓர் உயிர், கண்ணும் தெரியாமல், பிடித்திருப்பது யார் என்றும் தெரியாமல், ஒரு குழந்தையின் பிடி விடும் வரைக்கும் நின்று காத்திருந்தது. வீட்டிலோ வேலையிலோ என் கை ஓங்கியிருக்கும் சமயங்களில் எல்லாம், உள்ளங்கையில் அந்த மூச்சு இன்னும் சூடாகப் படுகிறது, நான் சற்று நின்றுவிடுகிறேன்.